வழிபாட்டு மரபிலிருந்து பரிசோதனை இசை: ஒரு உருப்படியை ஆரம்பத்திலிருந்து செய்து முடிக்கும் வழி

தம்புரா சாம்பிள் ஒன்று. அதன் மேல் எதிரொலி போட்ட ஒரு மந்திரம். நடுநடுவே திபெத்தியக் கிண்ணத்தில் ஒரு தட்டு. ஆன்மிகப் பரிசோதனை இசை என்ற பெயரில் வருவதில் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. கேட்கக் கெட்டதாக ஒன்றும் இருக்காது. ஆனால் முடிந்த ஐந்தாவது நிமிடம் யார் செய்தது என்பதே மறந்துபோகும்.

இந்தத் துறையில் நின்றுவிட்ட பெயர்கள் வேறு மாதிரி வேலை செய்திருக்கின்றன. 1946-இல் நியூயார்க்கில் இந்திய இசைக்கலைஞர் கீதா சாராபாய் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் மேற்கத்திய இசை கற்றார், பதிலுக்கு அவருக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆண்டுகளில் கேஜ் எழுதிய பியானோ உருப்படிகளில் நவரசக் கொள்கை இருக்கிறது. ராகம் ஒன்றுகூட இல்லை. தந்திகளுக்கு நடுவே திருகாணியும் ரப்பரும் செருகிய பியானோதான் இருக்கிறது. எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் பல வருடம் பழைய தேவாலயப் பாடல் முறைகளில் மூழ்கிக் கிடந்தார். 1976-இல் வெளியே வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு விதி: ஒரு குரல் அடுத்தடுத்த சுரத்துக்கு மட்டும் நகரும், கூடவே வரும் இன்னொரு குரல் மூன்றே சுரங்களுக்குள் மணி போல ஒலிக்கும். இரண்டு பேருமே பாட்டைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அந்த மரபு எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இந்த வழிகாட்டியும் அந்தப் பிடியை வைத்துத்தான் நகர்கிறது.

செய்யப்போவது பத்து முதல் பதினைந்து நிமிட உருப்படி ஒன்று. ஒரு கணினி, நல்ல ஹெட்போன், பதிவு செய்ய ஒரு போன் அல்லது ரெக்கார்டர், உங்கள் குரல். வாத்தியம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் வேலை நடக்கும்.

1. பாட்டுகளை விட்டுவிட்டுச் செயல்களைப் பட்டியல் போடுங்கள்

உங்களுக்கு வந்து சேர்ந்த வழிபாட்டு ஒலிகளை நினைத்துப் பாருங்கள். அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் வேறொன்று, குடிபெயர்ந்த நாட்டில் காதில் விழுந்து ஒட்டிக்கொண்டது மூன்றாவது என்று இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே பாட்டின் பெயரை எழுதாதீர்கள். அங்கே என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். யார் முதலில் தொடங்குகிறார்? மற்றவர்கள் அவர் முடிக்கும்வரை காத்திருக்கிறார்களா, கடைசி எழுத்தின் மேலேயே ஏறிவிடுகிறார்களா? வேகம் கூடுகிறதா? மூச்சு எங்கே விழுகிறது? எப்போது எல்லோரும் சேர்ந்து நிறுத்துகிறார்கள், அதை யார் தீர்மானிக்கிறார்?

எண்ணிக்கையையும் விடாதீர்கள். ஜபமாலையில் 108 மணி, தஸ்பீஹ் மாலையில் 33 அல்லது 99, கத்தோலிக்க ஜெபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து தொகுதி. இவை எல்லாம் ஏற்கெனவே தயாராக இருக்கும் இசை வடிவங்கள்.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பைபிளின் சங்கீதப் பாடல்களைக் கேலிக் மொழியில் பாடும் வழக்கம் ஒரு நல்ல உதாரணம். முன்னோடிப் பாடகர் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். சபை அதே மெட்டைத் திருப்பிப் பாடும், ஆனால் ஒவ்வொருவரும் தன் போக்கில் இழைத்து, தன் வேகத்தில். கேட்டால் ஒரே மெட்டு நூறு பிரிகளாகப் பிரிந்து அலை மாதிரி வரும். அதை எடுத்து எழுதச் சொன்னால் இசை படித்தவர் மெட்டை எழுதுவார். நமக்கு வேண்டியது 'ஒரே மெட்டு, அவரவர் வேகம்' என்ற அந்தச் செயல். அதை எந்தச் சுரத்துக்கும் எந்த மொழிக்கும் பொருத்தலாம்.

கடவுள் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது உங்கள் சொந்த விஷயம். நம்பாதவருக்கும் பட்டியல் வரும், ஒலி காதில் விழாமல் யாரும் வளர்வதில்லை.

2. ஒரே ஒரு விதி

பட்டியலிலிருந்து ஒரு செயலை எடுத்து, அதை ஒரே வாக்கியத்தில் விதியாக எழுதுங்கள். 'ஒரு மூச்சுக்கு ஒரு சுரம், அடுத்த மூச்சில் வேறொருவர் பாடிய சுரத்தைப் பிடிக்க வேண்டும்.' 'முப்பத்து மூன்று முறை திரும்பும், ஒவ்வொரு முறையும் ஒரு எழுத்து உதிரும்.' இந்த மாதிரி. அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் 1970களின் தொடக்கத்தில் எழுதிய ஒலித் தியானங்களில் இசைக்குறிப்பே கிடையாது, முழுக்கச் சொற்களால் ஆன கட்டளைகள்தான். பாடத் தெரியாதவரும் அவற்றைச் செய்துவிடலாம்.

விதி சரியா என்று பார்க்க, கணினியைத் திறக்காமல் குரலால் மட்டும் ஐந்து நிமிடம் செய்து பாருங்கள். சலிப்பு தட்டினால் தட்டட்டும். சலிப்புக்கு அந்தப் பக்கம் காது தானாக நுணுக்கமாகிறதா என்பதுதான் கேள்வி. ஆகவில்லையென்றால் விதியை மாற்றுங்கள். இரண்டாவது விதியைச் சேர்த்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

3. ஆதார சுருதியைக் கட்டுவது

இந்தப் படியில் மெனக்கெட்டால் மற்ற எல்லாமே எளிதாகும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்புராவின் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டை, தட்டையாக, லேசாக வளைந்து இருக்கும். தந்திக்கு அடியில் ஜீவா எனப்படும் நூலைச் செருகி மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால், ஓர் இடத்தில் தந்தி திடீரென்று திறந்துகொண்டு உபசுரங்களை, அதாவது அடிச்சுரத்துக்குள்ளேயே மெலிதாக ஒலிக்கும் மேல் சுரங்களைக் கொட்டும். அடிச்சுரம் அசையாமல் நிற்க, அதற்குள்ளிருந்து மற்றவை எழுந்து எழுந்து மறையும். நிற்கிற ஒன்றுக்குள் ஓயாத அசைவு: நம் டிரோனுக்கும், அதாவது இடைவிடாமல் ஒலிக்கும் ஆதார சுருதிக்கும், இந்தக் குணம் வேண்டும். சிந்தசைசரில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் அது வராது.

இப்படிச் செய்யுங்கள். ஆடாசிட்டி, ரீப்பர் போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் எது கையில் இருக்கிறதோ அதில் ரம்பப்பல் வடிவ அலை ஒன்றை 120 ஹெர்ட்ஸில் உருவாக்குங்கள். இரண்டாவது தடத்தில் 180. இது சுத்தமான பஞ்சமம், 3:2 விகிதம். கேட்டுப் பாருங்கள், இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். இப்போது 180-ஐ 179.8 ஆக மாற்றுங்கள். பியானோவின் சமப்படுத்திய பஞ்சமம் ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. இரண்டரை நொடிக்கு ஒருமுறை மெதுவாக ஓர் அலை எழுந்து அடங்குவது கேட்கும். 120-இன் மூன்றாவது உபசுரம் 360, 179.8-இன் இரண்டாவது உபசுரம் 359.6. அந்த 0.4 ஹெர்ட்ஸ் வித்தியாசம்தான் அலையாக வருகிறது. வெறும் சைன் அலையில் உபசுரங்கள் இல்லாததால் இது கேட்காது, அதனால்தான் ரம்பப்பல் அலை.

அடுத்து 240-ஐயும் 300-ஐயும் சேருங்கள். அது சுத்தமான அந்தர காந்தாரம், 5:4. பியானோ காந்தாரம் 302.4 அருகில் விழும். அதைப் போட்டால் நொடிக்கு ஒன்பது பத்து முறை படபடக்கும். பஞ்சமத்தின் அலை மூச்சு மாதிரி என்றால் இது நடுக்கம். எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், இதில் சரி தவறு இல்லை. 210 ஹெர்ட்ஸையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். 7:4 விகிதம். பியானோவில் அதற்கு இடமே இல்லை, கைசிகி நிஷாதத்தைவிடவும் தாழ்ந்து, முதலில் அபசுரம் போலப் பட்டு, ஒரு நிமிடத்தில் பழகிவிடும்.

கீபோர்டில் வாசித்தே இந்தச் சுரங்கள் வேண்டும் என்பவர்களுக்கு: சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்தசைசர் ஸ்காலா வகைச் சுருதிக் கோப்புகளை நேரடியாக ஏற்கும். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளின் 12ஆம் பதிப்பிலும் சுருதி முறையை மாற்றும் வசதி வந்துவிட்டது.

ஒவ்வொரு தடத்துக்கும் உயர்ந்த உபசுரங்களை மட்டுப்படுத்தும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போட்டு, அதன் வெட்டு எல்லை மிக மிக மெதுவாக ஏறி இறங்கும்படி வரையுங்கள். ஒரு தடத்துக்கு 47 நொடி, இன்னொன்றுக்கு 61, மற்றொன்றுக்கு 83 என்று ஒன்றோடொன்று பொருந்தாத சுற்றுகளாக இருக்கட்டும். தம்புராவின் குதிரை இலவசமாகக் கொடுப்பதை நாம் இப்படிச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

4. இரண்டாவது மரபை உள்ளே விடுவது

பெரும்பாலான உருப்படிகள் கவிழ்வது இங்கேதான். இரண்டு மரபுகளையும் ஒரே சுருதிக்கும் ஒரே தாளத்துக்கும் இழுத்துவந்து உட்கார வைத்தால், இரண்டுக்குமே முகம் போய்விடும். ராகம் போன்ற அரபு மகாம்களில் கால்சுர இடைவெளிகள் உண்டு. ஜாவாவில் வெண்கல வாத்தியங்கள் வாசிக்கும் கமெலான் குழுக்களில் ஒரு குழுவின் சுருதி இன்னொரு குழுவோடு ஒத்துப்போக வேண்டும் என்ற அவசியமே இல்லை. இவற்றைச் சுருதி திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருள் போட்டு பன்னிரண்டு சுரங்களுக்குள் திணிப்பதைவிட, சேர்க்காமலே இருந்துவிடலாம்.

ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தகெமித்சு 1967-இல் பீவா என்ற தந்தி வாத்தியத்தையும் ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலையும் மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவோடு நிறுத்தியபோது இரண்டையும் குழைக்கவே இல்லை. பெரும்பாலும் இது பேசும்போது அது கேட்கிறது. முடிவை நெருங்கும்போது நீண்ட நேரம் ஆர்கெஸ்ட்ரா ஒதுங்கி நிற்க, இரு வாத்தியங்கள் மட்டும் வாசிக்கின்றன. வேறுபாட்டை மறைக்காமல் அதையே வடிவமாக்கிய வேலை அது.

ஆலிஸ் கோல்ட்ரேன் எதிர்த்திசையில் போனார். டெட்ராய்ட்டில் கறுப்பினத் தேவாலய இசையோடு வளர்ந்தவர், பிறகு ஜாஸ் பியானோவும் ஹார்ப்பும். 1967-இல் கணவர் ஜான் கோல்ட்ரேன் இறந்தபின் வேதாந்தத்தின் பக்கம் திரும்பி, 1980களில் கலிஃபோர்னியாவில் ஆசிரமம் நடத்தினார். அங்கே பாடிய பஜனைகளில் சொற்கள் சமஸ்கிருதம். கைத்தட்டலும் குரல்கள் எழும் விதமும் காஸ்பல், அதாவது அவர் வளர்ந்த அந்தத் தேவாலய இசை. மேலே சிந்தசைசர் சுரங்கள் வழுக்கிக்கொண்டு ஏறும். அது ஒட்டுப்போட்டது போலத் தெரியாததற்குக் காரணம், சேர்ந்தது ஒரு வாழ்க்கைக்குள் என்பதே. ஆசிரமத்து மக்கள் வழிபாட்டுக்காகப் பாடியது, ஆசிரமத்துக்காகவே வெளியிட்ட கேசட்டுகள். பரிசோதனை என்று பெயர் வைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

உங்கள் உருப்படியில் எந்த வழி? நான் சொல்வது: இரண்டு மரபும் உங்கள் உடம்பில் பழகியதாக இருந்தால், இரண்டையும் உங்களால் யோசிக்காமல் பாட முடிந்தால், கோல்ட்ரேன் வழி. ஒன்று வீட்டில் கேட்டது, மற்றது பின்னால் தேடிப் படித்தது என்றால் தகெமித்சு வழிதான் நேர்மை. நடைமுறையில் அதற்கு மூன்று உத்திகள் போதும். ஒன்று, இரண்டையும் வேறு வேறு ஸ்தாயியில் வைப்பது. இரண்டு, ஒன்றின் செயலை மற்றதன் ஒலியால் நடத்துவது: ஜெபமாலையின் பத்து பத்து எண்ணிக்கையில் மிருதங்கச் சொற்கள் வரலாம், எழுத்துக்கு எழுத்து ஒன்றும் கடன் வாங்கவில்லை. மூன்று, இரண்டும் சந்திக்கும் இடத்தை ஒன்றே ஒன்றாக வைப்பது. பதினைந்து நிமிடத்தில் ஒரு சுரத்தில், ஒரே ஒருமுறை.

5. பதிவு, உருமாற்றம்

1944-இல் கெய்ரோவில் ஹலீம் எல்-தப் என்ற இளைஞர் ஒரு வானொலி நிலையத்திலிருந்து கம்பியில் ஒலி பதியும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போய், ஸார் என்னும் பேயோட்டும் சடங்கில் பெண்கள் பாடுவதைப் பதிவு செய்தார். பிறகு நிலையத்தின் எதிரொலி அறையில் வைத்துக் குரல்களின் அடிச்சுரங்களை அகற்றி, உபசுரங்கள் மட்டும் மிஞ்சும்படி செய்தார். சொற்கள் போய்விட்டன, சடங்கின் மூச்சு இருக்கிறது. பாரிஸில் பியர் ஷாஃபர் பதிவொலிகளைக் கொண்டு தன் முதல் உருப்படிகளைச் செய்தது 1948-இல். வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்துதான் தொடங்கும், அது வேறு கதை.

எல்-தப் செய்ததை இன்று ஈக்வலைசரில் நாமே செய்யலாம். உங்கள் குரலில் ஒரு வரியைப் பதிவு செய்து, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை எல்லாம் செங்குத்தாக வெட்டுங்கள். 800, 1000 என்று வெட்டை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் மொழி கரைந்து காற்றும் சீற்றமும் மட்டும் நிற்கும். அந்த எல்லையைக் குறித்துவையுங்கள், உருப்படியில் பலமுறை அங்கே போகப்போகிறீர்கள். ஆடாசிட்டியின் பால்ஸ்ட்ரெட்ச் எஃபெக்டில் ஒரு வரியை எட்டு மடங்கு இழுத்தால் அதே குரல் மேகமாகிவிடும். அழகுதான், ஆனால் எல்லோரும் செய்வது. மாவில் உப்பு அளவுக்குப் போதும்.

இடத்தின் எதிரொலியைப் பற்றியும் ஒரு சொல். ஒலிவெரோஸ் 1988-இல் இரு இசைக்கலைஞர்களோடு வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பழைய நிலத்தடி நீர்த்தொட்டிக்குள் இறங்கிப் பதிவு செய்தார். அங்கே எதிரொலி சுமார் 45 நொடி நீளும். இப்போது வாசிக்கும் சுரம் முக்கால் நிமிடம் முன்பு வாசித்ததோடு சேர்ந்து ஒலிக்கும் என்றால், தானாகவே குறைவாக வாசிப்போம், அதிகமாகக் கேட்போம். எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் பிளக்-இன்னை அலங்காரமாகக் கடைசியில் தடவாமல், முதலிலேயே 20, 30 நொடிக்குப் போட்டுவிட்டு அதற்குள் பாடிப் பாருங்கள், பாடும் விதமே மாறும். நீங்கள் வழிபடும் இடத்தின் எதிரொலியே வேண்டுமானால், யாரும் இல்லாத நேரத்தில், அனுமதியோடு, அங்கே ஒரு பலூனை உடைத்துப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவைக் கன்வல்யூஷன் ரிவெர்பில் ஏற்றினால் கிட்டத்தட்ட அந்தக் கூடமே வந்துவிடும்.

6. நீளம்

எலியான் ரடீக் 1932-இல் பிறந்த பிரெஞ்சு இசையமைப்பாளர். ஆர்ப் 2500 சிந்தசைசரைக் கீபோர்டு இல்லாமல் வைத்துக்கொண்டு, குமிழ்களை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, டேப்பில் இசை செய்தார். 1970களின் நடுவில் திபெத்திய பௌத்தத்தில் ஈடுபட்டுச் சில வருடம் இசையையே நிறுத்திவிட்டார். திரும்பி வந்து செய்த மூன்று பாக உருப்படி, மரணத்தைப் பற்றியது, 1988 முதல் 1993 வரை உருவானது. மொத்தம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். அதில் எந்தக் கணத்திலும் மாற்றம் தெரியாது. பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் வேறு இடத்தில் இருப்போம்.

முதல் முயற்சிக்கு அவ்வளவு நீளம் வேண்டாம். ஆனால் பழகிக்கொள்ள ஒரு பயிற்சி உண்டு. டிரோன் தடங்களை ஓடவிட்டு, ஒரு மாற்றம் செய்யத் தோன்றும்போது செய்யாமல், பத்து முறை மெதுவாக மூச்சுவிடுங்கள். அதன் பிறகும் அந்த மாற்றம் தேவைப்பட்டால் செய்யுங்கள். பாதி மாற்றங்கள் தேவையே இல்லை என்று தெரிந்துவிடும். சரி, மீதிப் பாதி? அவற்றைத் தைரியமாகச் செய்யுங்கள். மெதுவாக இருப்பதே ஆன்மிகம் என்று ஒரு மூடநம்பிக்கை இந்தத் துறையில் சுற்றுகிறது. வேகமேறிக்கொண்டே போகும் சூஃபி வழிபாட்டுப் பாட்டான கவ்வாலியைக் கேட்டவர் அதை நம்பமாட்டார்.

7. அனுமதி

பிரையன் ஈனோவும் டேவிட் பெர்னும் 1981-இல் வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு தடம் குர்ஆன் ஓதும் பதிவின் மேல் கட்டியது. முஸ்லிம் அமைப்பு ஒன்று ஆட்சேபித்தபின், பின்னால் வந்த பதிப்புகளில் அந்தத் தடம் நீக்கப்பட்டது. ஓதுவதை இசை என்று கருதாத மரபு அது. 1990களில் எனிக்மா குழுவின் உலகப் புகழ்பெற்ற பாடலில் ஒலித்தது தைவானின் அமிஸ் பழங்குடி முதியவர் ஒருவரின் குரல். அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. வழக்குத் தொடர்ந்தார், 1999-இல் சமரசத்தில் முடிந்தது.

எனவே உங்கள் குரல் அல்லாத எந்தப் பதிவுக்கும் மூன்று கேள்விகள்: இதைப் பாட யாருக்கு உரிமை? எந்த நேரத்தில், எந்த இடத்தில்? துண்டாக வெட்டித் திருப்பிப் போட்டால் பாடியவருக்குச் சம்மதமா? சட்டம் தனி. பழைய மெட்டு எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம், அதன் குறிப்பிட்ட பதிவுக்கு உரிமையாளர் இருப்பார். பாட்டியின் குரலை எடுப்பதானாலும் முடிந்த உருப்படியை அவருக்குப் போட்டுக் காட்டி, அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். வேறு யார் அனுமதியும் தேவைப்படாத வழி ஒன்று உண்டு: கற்றுக்கொண்டு நீங்களே பாடுவது. பெரும்பாலும் அதுதான் நன்றாகவும் இருக்கும்.

8. முடித்து வெளியே விடுவது

மிக்சிங்கில் கம்ப்ரஸரைக் கிட்டத்தட்ட தொடவே வேண்டாம். மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள தூரம்தான் இந்த இசையின் சொத்து. அதை இறுக்கினால் சுவர்க்காகிதம் மிஞ்சும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், டிரோன்கள் அங்கே தேவையில்லாமல் குவியும். போனின் சிறிய ஸ்பீக்கரில் 120 ஹெர்ட்ஸ் அடிச்சுரம் சரியாகக் கேட்காது. ஆனாலும் உபசுரங்கள் இருந்தால் காது அதை ஊகித்துக்கொள்ளும், அதற்கும் ரம்பப்பல் அலைதான் உதவி.

அப்புறம் பெயர் வைப்பது. மந்திரச் சொல்லைத் தலைப்பாக்கும் ஆசையை அடக்கி, இரண்டாம் படியில் எழுதிய விதியிலிருந்து ஒரு சொல்லை எடுங்கள். கூடவே வெளியிடும் குறிப்பில் எந்த மரபு, யாரிடம் கேட்டது, யார் பாடியது, எது உங்கள் கற்பனை என்று நான்கு வரி எழுதுங்கள். நேரில் நிகழ்த்துவதானால் கேட்பவர்களைத் தரையிலோ நாற்காலியிலோ உங்களைச் சுற்றி உட்காரவையுங்கள். ஸ்பீக்கர்களை அவர்களுக்குப் பின்னாலும் வைக்க முடிந்தால் வையுங்கள். முடிந்த உடனே நன்றி சொல்லி மைக்கைப் பிடிக்காதீர்கள். யாராவது ஒருவர் அசையும்வரை பொறுத்திருந்து, பிறகு ஒலியமைப்பை அணையுங்கள்.